பிடுங்கிய செடியின் வேர்

பிடுங்கியபோது அந்த மிளகாய்ச் செடியின் வேர் அவ்வளவு வெள்ளையாக இருந்தது. தொட்டி மண்ணை முழுக்கச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஈரமாக, ஓர் இடத்தில்கூட அழுகல் இல்லாமல். மேலே பார்த்தால் முடிந்துபோன செடி. நுனி இலைகள் சுருண்டு, குறுகி, தடித்துப்போய், பூக்க வேண்டிய கிளையில் மொட்டுகள் கருகி நின்றன. கீழே வேர் மட்டும் தனக்கு எதுவுமே ஆகவில்லை என்பதுபோல இருந்தது. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் குப்பையில் போட்டேன்.

அந்த வேர் பல மாதம் மனதை விட்டுப் போகவில்லை. நோய் வந்த செடியைப் பிடுங்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பல நேரங்களில் அதுதான் சரியான வேலை. ஆனால் அந்தச் செடிக்கு என்ன நோய் என்றே எனக்குத் தெரியாது. இலை சுருண்டிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். இலை சுருள்வது காய்ச்சல் மாதிரி. உள்ளே ஏதோ நடக்கிறது என்று சொல்லும், என்ன நடக்கிறது என்று சொல்லாது. அதை மட்டும் வைத்து ஓர் உயிரை முடித்துவிட்டேனே என்ற உறுத்தல். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அப்படிச் செய்தேன். மூன்றாவது செடியில்தான் கை நின்றது.

மிளகாய் வளர்ப்பு என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஒன்றே சொல்வார்கள்: விதையைத் தூவினால் போதும், தானாக வரும். முளைக்கும் வரை அது உண்மைதான். நன்கு பழுத்த ஒரே பழத்திலிருந்து பன்னிரண்டு விதைகளை எடுத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டேன். மண் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருந்தால் மிளகாய் விதை ஒன்று, இரண்டு வாரத்தில் தலைகாட்டும். எனக்கு ஒன்பது வந்தன. தண்ணீர் அதிகமாகி மூன்று நாற்றுகள் தண்டின் அடி அழுகிச் சாய்ந்தன. மீதியில் தெம்பான நான்கை ஆளுக்கொரு தொட்டியில் நட்டேன். ஒரு முழம்கூட வளர்வதற்குள் தண்டு இரண்டாகப் பிரிந்தது. மிளகாய்ச் செடி பிரியும் அந்த முதல் கவையில்தான் முதல் பூ வரும். அதற்கப்புறம் ஒவ்வொரு கிளையும் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும், பிரிகிற இடத்திலெல்லாம் பூ. ஆகவே நுனிதான் இந்தச் செடியின் உயிர்நிலை. நுனி நின்றால் கிளையும் நிற்கும், பூவும் நிற்கும், காயும் நிற்கும். இது எனக்கு அப்போது புரிந்திருக்கவில்லை. இலை பெரிதாக, கரும்பச்சையாக இருந்தால் செடி நன்றாக இருக்கிறது என்று நினைத்து, உரத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகத் தள்ளும், பூக்கத் தாமதிக்கும், இளம் தளிர் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்தாகும். மூன்றும் நடந்தது.

முதல் செடியின் நுனி சுருள ஆரம்பித்தபோது எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னைவிட இருபது வருடம் அதிகமாகச் செடி வளர்த்தவர். குனிந்து பார்த்தார். "இது சுருட்டை, தம்பி. வந்துச்சுன்னா நேராகாது. யோசிக்காம பிடுங்கிடு, இல்லாட்டி பக்கத்துச் செடிக்கும் தொத்திக்கும்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வெள்ளை ஈக்கள் பரப்பும் இலைச்சுருள் வைரஸ் வந்துவிட்டால் அதைக் குணமாக்க மருந்து கிடையாது. மற்ற செடிகளைக் காப்பாற்ற அதைப் பிடுங்கத்தான் வேண்டும். அன்று மாலையே பிடுங்கினேன். வெள்ளை வேரைப் பார்த்தது அப்போதுதான்.

சிவப்பு நூல்

இரண்டே வாரத்தில் அடுத்த தொட்டியிலும் அதே சுருட்டல். இந்தத் தடவை உடனே பிடுங்க மனம் வரவில்லை. வேப்பெண்ணெய் அடித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். குணமாகிறதா இல்லையா என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் செய்தேன். இருப்பதிலேயே மோசமாகச் சுருண்டிருந்த இலையைத் தேர்ந்தெடுத்து, அதன் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன். தினமும் காலையில் அதே இலையைப் பார்ப்பது. கொஞ்சமாவது விரிந்தால் மருந்து வேலை செய்கிறது, விரியாவிட்டால் இல்லை. அன்று எனக்கு அது மிகச் சரியான சோதனையாகத் தோன்றியது.

பன்னிரண்டு நாள் பார்த்தேன். விளிம்பு இரண்டும் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி இருந்த அந்த இலை, பன்னிரண்டாவது நாளும் கவிழ்ந்த படகாகவே இருந்தது. ஒரு நூலளவு கூட விரியவில்லை. இடையில் நான்கு தடவை மருந்து அடித்திருந்தேன். இதற்கு மேல் காத்திருந்தால் மிச்சமிருக்கும் இரண்டு செடிகளும் போய்விடும் என்ற பயம் வந்தது. பிடுங்கினேன். வேர் இதிலும் வெள்ளை. நூல் கட்டிய இலையோடு சேர்த்தே வெளியே போயிற்று.

இன்னொன்றையும் அப்போது கவனிக்காமல் விட்டேன். பிடுங்கிய செடியை அப்படியே தூக்கிக்கொண்டு, மற்ற இரண்டு தொட்டிகளையும் உரசியபடி நடந்தேன். வழியெல்லாம் அதிலிருந்து மண்ணும் இலையும் உதிர்ந்தன.

லென்ஸுக்கு அடியில்

மூன்றாவது செடி சுருள ஆரம்பித்த வாரத்தில் வீட்டுக்கு வந்த என் அக்கா மகன், பள்ளிக்கூட வேலைக்காக ஒரு சின்னக் கைலென்ஸ் வைத்திருந்தான். முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று சொல்லி, பார்ப்பதையெல்லாம் அதற்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். உப்பு, எறும்பு, என் கைரேகை. "மாமா, இந்த இலையப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். நோய் வந்த செடி என்பதால் அதைத் தொட விடாமல், நானே ஒரு நுனியைக் கிள்ளிக் கொடுத்தேன். அவன் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். அப்புறம் திருப்பினான். "மாமா, இதுல ஏதோ நடக்குது!"

வாங்கிப் பார்த்தேன். முதலில் எதுவும் பிடிபடவில்லை. வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, இலையை மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தபோது சட்டென்று தெளிந்தது. நரம்பை ஒட்டிய பள்ளத்தில் தேன் நிறத்தில், கண்ணாடித் துளி போலப் பளபளத்துக்கொண்டு சின்னச் சின்ன உருண்டைகள். அவற்றில் சில நகர்ந்தன. அவற்றுக்கு நடுவே நீள்வட்டமாக முட்டைகள். அந்த முட்டைகளை மறக்க முடியாது. ஒளி ஊடுருவும் ஓட்டின் மேல் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், யாரோ உட்கார்ந்து முத்துப் பதித்தது போல. வெறும் கண்ணுக்கு அந்த இலையின் அடிப்பக்கம் லேசாகப் பழுப்பு ஏறியிருப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பூச்சி இல்லாத இலை என்று நான் நம்பிக்கொண்டிருந்ததன் அடியில் ஒரு ஊரே இருந்தது.

சிலந்திப்பேன் இனத்தில் இது ஒரு வகை. மிளகாயில் இதனால் வரும் சுருட்டலை முரணை என்றும் சொல்வார்கள். முழுதாக வளர்ந்ததே 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஐந்தை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர். சிவப்புச் சிலந்திப்பேன் போல நூலாம்படையும் பின்னாது, ஆகவே காட்டிக்கொடுக்க அடையாளம் எதுவும் இல்லை. இளம் தளிரின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சும்போது அதன் எச்சில் பட்டு, வளர்ந்துகொண்டிருக்கும் இலை கோணலாகிவிடும். விளிம்பு கீழ்நோக்கி மடியும், காம்பு மட்டும் அளவுக்கு மீறி நீளும். த்ரிப்ஸ் எனப்படும் இலைப்பேன் என்ற பூச்சி தாக்கினால் இலை மேல்நோக்கி மடியும். வைரஸ் வந்தாலும் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் சுருளும், கூடவே மஞ்சள் படரும், நரம்பு தடிக்கும், கணுக்கள் நெருங்கி நுனி கொத்தாக நிற்கும். கவிழ்ந்த படகா, நிமிர்ந்த படகா என்பதுதான் முதல் கேள்வி. பன்னிரண்டு நாள் ஒரு கவிழ்ந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

இது பரவும் விதமும் எனக்கு வியப்பாக இருந்தது. பெண் பேன் முதிர்வதற்கு முன் அசையாமல் கிடக்கும் பருவம் ஒன்று உண்டு. அப்போது ஆண் பேன் அதைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு புதுத் தளிருக்குப் போகும். லென்ஸில் அன்று அதையும் பார்த்தோம். தன் அளவுக்கே இருந்த ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு பேன் நரம்பின் ஓரமாக விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. தூரமாகப் போக வேண்டுமென்றால் வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு போகும், காற்றிலும் போகும், மனிதக் கையிலும் போகும். அதைப் படித்தபோது தினமும் காலையில் நான் செய்வது நினைவுக்கு வந்தது. முதல் தொட்டியில் ஆரம்பித்து நான்காவது வரை ஒவ்வொரு நுனியையும் விரலால் தொட்டுத் தடவிப் பார்ப்பேன். செடிகள் நோய்ப்பட்ட வரிசையும் அதுவேதான். ஒன்று, இரண்டு, மூன்று.

இவ்வளவு காரமான செடியை இது எப்படித் தின்கிறது என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. காரம் தரும் கேப்சைசின் உருவாவது காயின் உள்ளே, விதைகள் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைச் சதையில். விதையில்கூட அது உருவாவதில்லை, சதையோடு ஒட்டியிருப்பதால் மேலே படிகிறது, அவ்வளவுதான். இலையையும் தளிரையும் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பூச்சிகள் காயைத் துளைத்த இடத்தின் வழியாக நுழைந்து விதைகளை அழிக்கும் பூஞ்சையைக் கேப்சைசின் தடுக்கிறது என்று காட்டியது. பழத்தைத் தின்று விதையை எங்கோ கொண்டுபோய்ப் போடும் பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதே இல்லை. விதையை மென்று நொறுக்கிவிடும் பாலூட்டிகளுக்கு உறைக்கும். விதைக்காக இவ்வளவு யோசித்த செடி, தன் தளிரை இப்படித் திறந்தே வைத்திருக்கிறது. சரி, அங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை நான் செய்த வைத்தியத்தில் என்ன தவறு என்பதும் அன்று தெரிந்தது. வேப்பெண்ணெயை இலையின் மேல்பக்கம் பளபளக்கும் வரை அடித்திருக்கிறேன், பேன் இருந்தது அடிப்பக்கத்தில். கடுமையான பூச்சிக்கொல்லி வாங்கி அடித்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். இது எட்டுக்கால் இனம். பூச்சிகளுக்கான மருந்துகள் பல இதைக் கொல்லாது, இதைத் தின்னும் நல்ல உயிர்களைத்தான் கொல்லும்.

மூன்றாவது செடியின் நுனிகளை முதலில் கிள்ளினேன். கிள்ளியதைக் கீழே விடாமல் நேராக ஒரு பைக்குள் போட்டுக் கட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 3 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி, ஒவ்வோர் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. கடும் வெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும். எண்ணெய் மருந்து அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் கருகும். இந்தச் செடிக்கு எண்ணெய் அடிக்காதது நல்லதாகப் போயிற்று. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து முழுப்பேன் ஆக ஒரு வாரம்கூடத் தேவையில்லை. ஆகவே தப்பிய முட்டைகளை நினைத்து வாரம் ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை அடித்தேன். நான்காவது செடிக்கு இன்னும் எதுவும் வரவில்லை. அதைத் தூரமாக நகர்த்தி வைத்து, காலையில் முதலில் அதைத் தொடுவது, நோய்ச் செடியைக் கடைசியாகத் தொடுவது என்று மாற்றிக்கொண்டேன்.

பழக்கம் விடவில்லை. மூன்றாவது செடியிலும் சுருண்ட ஓர் இலையில் சிவப்பு நூல் கட்டினேன். ஒரு வாரம், பத்து நாள். லென்ஸை வைத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஒரு பேன்கூட இல்லை. முட்டைகள் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. ஆனால் நூல் கட்டிய இலை அப்படியே கவிழ்ந்து கிடந்தது. எதிர்வீட்டு அக்கா சொன்னது சரிதானோ, இது நேராகவே ஆகாதோ என்று மறுபடி மனம் தளர்ந்தது. பதினேழாவது நாள் காலையில், அந்த நூலைப் பார்க்கக் குனிந்தபோது, அதற்கும் கீழே, நான் கிள்ளிய இடத்துக்குக் கீழ்க்கணுவில் ஒரு புதுத் தளிர் கண்ணில் பட்டது. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு இலைகள். இரண்டும் தட்டையாக, பளிச்சென்று, விளிம்பில் ஒரு மடிப்புகூட இல்லாமல்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுருண்ட இலை விரியவே விரியாது. அது வளர்ந்துகொண்டிருந்தபோதே கோணலாகிவிட்டது. வளர்ந்து முடிந்த இலையைத் திரும்ப வளர்க்க எந்த மருந்தாலும் முடியாது. செடி குணமாகிறதா என்பதை அதற்குப் பிறகு பிறக்கும் இலைதான் சொல்லும். இரண்டாவது செடியில் பன்னிரண்டு நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது பதில் சொல்லவே முடியாத ஓர் இலையை. அந்தச் செடியின் கீழ்க்கணுக்களை ஒருநாள்கூடக் குனிந்து பார்க்கவில்லை. அங்கே தளிர் வந்திருந்ததா, வந்திருந்தால் எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மேல்பக்கம் மட்டும் அடித்த மருந்தில் அது குணமாகியிருக்க வாய்ப்பு குறைவுதான். அப்படியும் சமாதானம் வரவில்லை. நூலை அவிழ்த்துப் புதுத் தளிருக்குக் கீழே கட்டினேன்.

இரண்டு மாதத்தில் அந்தத் தளிர் கிளையாகி, கிளை கவையாகி, கவையில் வெள்ளைப் பூ தலைகுனிந்து நின்றது. பழைய சுருண்ட இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. முதல் சில பூக்களும் கொட்டின. இரவிலும் புழுக்கம் குறையாத நாட்களில் மிளகாய் அப்படித்தான் பூவை உதிர்க்கும் என்று அப்போது தெரிந்திருந்ததால் பதறவில்லை. வெப்பம் தணிந்ததும் காய் பிடித்தது. பதினான்கு காய்கள். இரண்டு காயின் தோலில் மட்டும் பழைய பேன் சுரண்டிய சொரசொரப்பு இருந்தது. அவற்றையும் பறிக்காமல் பழுக்க விட்டேன்.

எதிர்வீட்டுச் செடி

அக்காவிடம் அந்தச் செடியைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "இது அந்தச் செடியா?" என்று இரண்டு தடவை கேட்டார். லென்ஸை வாங்கி இலையைத் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல எத்தனை செடியப் பிடுங்கியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து அவரே வந்து கூப்பிட்டார். அவருடைய மிளகாய்ச் செடியில் சுருட்டல். "அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா, தம்பி." போனேன். இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தது, நிமிர்ந்த படகு. அடியில் லென்ஸ் வைத்தோம். சிலந்திப்பேன் இல்லை. இலைப்பேன் ஒன்றிரண்டு தென்பட்டது. கிளையைத் தொட்டதும் பொடிப்பொடியாக வெள்ளை ஈக்கள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. இலைப்பேனாக மட்டும் இருந்தால் மீண்டுவிடும், வைரஸாக இருந்தால் மீளாது. எது என்று அந்த இலையைப் பார்த்து இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. மற்ற செடிகளிலிருந்து விலக்கி, ஈ நுழையாத மெல்லிய வலைத்துணியால் மூடி வைத்தோம். அக்கா நுனியைக் கிள்ளினார், சாயங்காலங்களில் வேப்பெண்ணெயை அடிப்பக்கமாக அடித்தார், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிட்டார். என்னிடம் சிவப்பு நூல் கேட்டு வாங்கி, இன்னும் தளிர் வராத ஒரு கணுவுக்குக் கீழே கட்டினார்.

மூன்று வாரம் காத்திருந்தோம். தளிர் வந்தது. பிறக்கும்போதே சுருங்கி, மஞ்சள் தேமலோடு, நரம்பு தடித்து வந்தது. அதற்கடுத்த கணுவிலும் அப்படியே. அடியில் லென்ஸ் வைத்தால் ஒன்றுமே இல்லை, சுத்தமான இலை. ஒரு பூச்சியும் தொடாத புது இலை கோணலாகப் பிறந்தால் கோளாறு செடியின் சாற்றிலேயே இருக்கிறது. அக்கா வலையைக் கொஞ்சம் தூக்கி, கடைசியாக ஒரு தடவை எல்லாக் கணுக்களையும் பார்த்தார். பிறகு ஒரு பெரிய பையை எடுத்து வந்து, செடியின் தலையோடு கவிழ்த்து மூடினார். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன், அவர் தண்டின் அடியைப் பிடித்து இழுத்தார்.

மண்ணோடு முழுதாக வந்தது. வேர் வெள்ளையாகத்தான் இருந்தது.